மஞ்சளும் நீலமும் தவிர

ஆகஸ்ட் 19

ஜெர்லின் அக்கா என் கமெண்டுக்கு ஹார்ட் போட்டுவிட்டார்! ஹார்ட் மட்டுமா, பதிலும் போட்டிருக்கிறார். "செய்ங்க பேச்சி, செய்றத அன்னன்னைக்கு எழுதி வைங்க, போட்டிக்கு அனுப்பும்போது உதவும்." பெயரைச் சொல்லி! நாலு தடவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

'ஓட்டை உடைசல்' சேனலை எட்டாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன். கிழிந்த மெத்தை, உடைந்த நாற்காலி, காலி வாளி என்று எதைக் கொடுத்தாலும் ஜெர்லின் அக்கா அதை வீட்டுக்கு ஆகிற சாமானாக்கிவிடுவார். தையல், அறுக்கிறது, ஒட்டுகிறது எல்லாம் நான் அவரைப் பார்த்துக் கற்றதுதான். அவர் சொன்னதால் இன்றிலிருந்து போனில் தேதி போட்டு எழுதுகிறேன்.

அவர் சேனல் நடத்துகிற போட்டிக்கு நான் செய்யப்போவது டியூஷன் பிள்ளைகளுக்கு பெயிண்ட் வாளி ஸ்டூல். எங்கள் டியூஷன் நடக்கிற ஹால் பக்கத்து வீட்டு செல்வராணி அக்காவுடையது. முன்பு அங்கே தீப்பெட்டி ஒட்டினார்கள். இப்போது காலியாகக் கிடக்கிறது, வாடகை வேண்டாம் என்று கொடுத்தார். ஆனால் தரை ஊறுகிறது. சாக்கு விரித்து உட்கார்ந்தாலும் எழும்போது எல்லார் பின்பக்கமும் ஈரம். நேற்று அஜய்பாண்டி திரும்பி நின்று காட்டினான்.

"மிஸ், நான் ஒண்ணுக்குப் போகல. தரைதான் போயிருச்சு."

அம்மாவிடம் திட்டத்தைச் சொன்னேன். வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "உக்காரத் தரை இல்லாமயா நாங்கல்லாம் படிச்சோம்?" என்றாள். அம்மா இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தாள். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை இங்கே எழுதவில்லை. போட்டிக்கு அது தேவையில்லை.

ஆகஸ்ட் 24

வாளிகள் வந்துவிட்டன! சிவகாசியில் பெயிண்ட் அடிக்கிற மாமா, வேலை முடிந்த வீடுகளிலிருந்து பன்னிரண்டு வாளி, மூடியோடு சேர்த்துக் கொண்டுவந்து போட்டார். மண் போட்டுத் தேய்த்ததில் என் நகம் போயிற்று.

மூடி மேல் அப்படியே உட்கார்ந்தால் நடுவில் அமுங்கும். ஜெர்லின் அக்கா பிளைவுட் போடச் சொல்கிறார். பிளைவுட் விலைக்கு நான் எங்கே போக? எங்கள் பக்கம் காலண்டர் அட்டைக்குப் பஞ்சமே இல்லை. அச்சில் கெட்டுப்போன அட்டைகளை வாங்கி, வட்டமாக வெட்டி, ஐந்து ஐந்தாகப் பசை போட்டு ஒட்டி, அம்மிக்கல்லை மேலே வைத்துக் காய வைத்தேன். கல் மாதிரி ஆகிவிட்டது! நானே ஏறிக் குதித்துப் பார்த்தேன்.

ஒரே பிரச்சினை, பாதி அட்டையில் முருகன்.

"ஏ புள்ள, சாமி மேலயா உக்கார வைக்கப்போற?" என்று அம்மா கத்தியதில் தெருவே வந்துவிட்டது. செல்வராணி அக்கா உட்கார்ந்து முருகன், லட்சுமி எல்லாரையும் தனியாகப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்கள் மட்டும் மிச்சம். அவற்றின் மேல் உட்காரலாமாம்.

மெத்தைக்கு அச்சாபீஸ் வெட்டுக் காகிதம். உறைக்குப் பழைய நைட்டி.

ஆகஸ்ட் 30

திறப்பு விழா! அஜய்பாண்டி ரிப்பன் வெட்டினான், அதாவது என் பாவாடை நாடாவை. அவனுக்குப் பச்சை வாளி. செல்வராணி அக்கா மகள் பொற்கொடி ஆரஞ்சு வேண்டும் என்று அழுது வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்தால் உள்ளே சிலேட்டும் புத்தகமும் வைக்கலாம். ஜெர்லின் அக்காவின் ஐடியா அது: "உக்காரவும் ஆச்சு, பெட்டியும் ஆச்சு."

செல்வராணி அக்கா ஒவ்வொரு மூடியாகத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். "நல்லா இறுக்கமா இருக்கே பேச்சி. காத்துக்கூடப் போகாது போல" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செப்டம்பர் 6

சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் என்னவென்று கேட்க மாட்டார்கள். எந்தத் திசை என்றுதான் கேட்பார்கள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தரும் அழவில்லை. பொற்கொடிதான் வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கிழக்க மிஸ். கறுப்புப் புகை."

எங்கள் தெருவில் யாரும் அன்று கிழக்கே வேலைக்குப் போகவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எல்லாரும் எல்லாருக்கும் போன் போட்டு, எந்த போனும் கிடைக்காமல், அரை மணி நேரம் தெரு தெருவாக இல்லை. வெடித்தது பட்டாசு ஃபேக்டரி இல்லையாம். ஒரு வீடு.

அம்மா கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம். முதல் சத்தத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகக் கேட்டது.

செப்டம்பர் 8

அதிகாரிகள் ஜீப் வந்திருக்கிறது. பக்கத்து ஊர்களில் வீடு வீடாகச் சோதனை.

சரி, எழுதிவிடுகிறேன். இந்தப் பகுதியைப் போட்டிக்கு அனுப்பும்போது அழித்துவிடலாம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் கருந்திரி போடுகிறார்கள். நூலில் மருந்து பூசிக் காய வைத்தால் வெடிக்குத் திரி. மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்துதான். வீட்டில் வைத்துச் செய்ய லைசென்ஸ் கிடையாது. ஏஜெண்ட் வந்து கட்டுக்கட்டாக எடுத்துப் போவார். இந்த போன் என் பிறந்தநாளுக்கு அந்தக் காசில் அம்மா வாங்கிக் கொடுத்தது. அம்மாவின் விரல்கள் எப்போதும் கறுப்பு. சோப்பு போட்டாலும் போகாது.

சாயங்காலம் செல்வராணி அக்கா ஹால் சாவியை வாங்கிக்கொண்டார். "ரெண்டு நாளைக்கு டியூஷன் வேணாம் பேச்சி. ஹாலைக் கழுவித் தாரேன்."

செப்டம்பர் 11

டியூஷன் மறுபடி ஆரம்பம். ஹால் கழுவின மாதிரி தெரியவில்லை. ஆனால் ஸ்டூல்கள் கனமாகிவிட்டன! பச்சையை நகர்த்தப் போனால் லேசில் அசையவில்லை. எல்லா மூடியையும் சுற்றி பிரவுன் டேப்.

"பிள்ளைக ஆடிக்கிட்டே உக்காருதுக, சரிஞ்சிரும்னு அடியில மண்ணு போட்டேன்" என்றார் செல்வராணி அக்கா. "மூடியில கை நசுங்குதுன்னு டேப் ஒட்டிட்டேன். புத்தகத்தை அலமாரியில வச்சுக்கட்டும்."

நல்ல யோசனைதான். ஜெர்லின் அக்காவும் அடியில் கனம் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

கொசுவத்தி இனிமேல் ஹாலில் கூடாதாம். பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுமாம். ஸ்டூலைத் தரையில் இழுக்கவும் கூடாது. பொற்கொடி ஆரஞ்சை விட்டு மஞ்சளுக்கு மாறிவிட்டாள். "அம்மா இதுலதான் உக்காரணும்னாங்க." மஞ்சளை வேறு யாராவது தொட்டால் கடித்து வைக்கிறாள்.

எனக்கும் ஒரு ஸ்டூல் ஒதுக்கியாகிவிட்டது. டியூஷன் பக்கமே எட்டிப்பார்க்காத அம்மா இன்று ஹாலுக்கு வந்து, நீலத்தை ஒரு கையால் தூக்கி என் மேசைக்குப் பின்னால் போட்டாள்.

"நீ இதுல உக்காரு. வேற எதுலயும் உக்காராத."

"ஏம்மா?"

"உனக்கு நீலம் புடிக்கும்ல."

எனக்குப் பிடித்தது ரோஸ்.

செப்டம்பர் 14

அம்மாவின் விரல்கள் சுத்தமாக இருக்கின்றன. சும்மா எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 17

ஜீப் எங்கள் தெருவுக்கே வந்தது. கட்டிலுக்கு அடியில், மாடியில், அரிசி டிரம்மில், கோழிக்கூண்டில் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கடைசியில் ஹால்.

வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. பெரிய அதிகாரி உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து "வணக்கம் சார்" என்று இழுத்தார்கள். அவர் ஸ்டூல்களைப் பார்த்தார். சிரித்தார். குனிந்து அஜய்பாண்டியின் பச்சையில் உட்கார்ந்தே விட்டார்.

"யாரும்மா செஞ்சது?"

"நான்தான் சார். பெயிண்ட் வாளி சார். காலண்டர் அட்டை சார்."

"பிரமாதம்! இந்த மாதிரி நாலு பொண்ணுங்க இருந்தா போதும்." கூட வந்தவரிடம் போட்டோ எடுக்கச் சொன்னார். அவர் உட்கார்ந்தபடி, பிள்ளைகள் சுற்றி நிற்க, நான் பக்கத்தில்.

போட்டோ எனக்கும் வந்தது. ஓரத்தை வெட்டி ஸ்டோரி போடலாம் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் கதவருகில் செல்வராணி அக்கா நிற்கிறார். முகம் சாம்பல். ஒரு கையால் பொற்கொடியின் சட்டைக் காலரைப் பிடித்து, வாசல் படிக்கு வெளியே இழுத்து வைத்திருக்கிறார்.

ஸ்டோரி போடவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 21

தப்புத் தப்பாக டைப் ஆகிறது. எழுதியே ஆக வேண்டும்.

ஜெர்லின் அக்காவின் புது வீடியோவில், பழுக்கக் காய்ச்சின கம்பியால் வாளியைச் சுற்றிப் பூ மாதிரி ஓட்டை போடுகிறார். வெளிச்சம் உள்ளே போய்ப் பூப்பூவாகத் தெரியும். போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள். இதைச் செய்தால் முதல் பரிசு எனக்குத்தான் என்று துள்ளிக்கொண்டு போனேன்.

செல்வராணி அக்கா சாத்தூர் போயிருந்தார். ஹாலில் பொற்கொடி மட்டும், மஞ்சளில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போனை ஜன்னலில் வைத்து ரெக்கார்டிங் போட்டேன். எங்கள் வீட்டு அடுப்பில் குடைக்கம்பியைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். பச்சை வாளியின் முன்னால் மண்டி போட்டேன். "வணக்கம் மக்களே" என்று ஜெர்லின் அக்கா மாதிரியே ஆரம்பித்தேன். கம்பி முனைக்கும் வாளிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

"மிஸ், அதுல வேணாம்."

"ஏண்டி, பச்சையில நல்லாருக்காதா?"

"என் மஞ்சள்ல போடுங்க மிஸ். அதுலதான் ஒண்ணுமில்ல."

"மஞ்சள்ல மண்ணு போடலையா அம்மா?"

"எதுலயுமே மண்ணு இல்ல மிஸ்." பென்சிலைக் கடித்தாள். "சொன்னா அம்மா அடிப்பாங்க."

என் கையில் கம்பி சிவப்பாக இருந்தது. மூச்சு விட்டால் கூட அதிலிருந்து ஏதாவது தெறிக்கும் போல் இருந்தது. கீழே வைக்க முடியாது, தரையில் என்ன சிந்தியிருக்கிறதோ. கையை ஆட்டவும் முடியாது. பின்னாலேயே ஒவ்வொரு அடியாக வைத்து, இரண்டு வாளிகளுக்கு நடுவே, வாசல் படியைக் குதிகாலால் தேடித் தடவி, வெளியே வந்து பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போட்டேன். சுர்ரென்றது. அந்தச் சத்தத்துக்கே உட்கார்ந்துவிட்டேன்.

பொற்கொடி வாசலில் வந்து நின்றாள். "மிஸ், மஞ்சள்ல போடலயா?"

வீடியோவில் எல்லாம் இருந்தது. ஒரு தடவை பார்த்தேன். அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 22

போலீஸ் நம்பரைத் தட்டினேன். அழைக்கவில்லை. பொற்கொடிக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான்.

செப்டம்பர் 23

செல்வராணி அக்காவிடம் கேட்டேவிட்டேன். அவர் மறுக்கக்கூட இல்லை.

"தொடாம இருந்தா திரி அது பாட்டுக்குக் கெடக்கும் பேச்சி. நாங்கல்லாம் கட்டிலுக்கு அடியில வச்சுப் படுத்தவுக. தீபாவளிக்கு முன்னாடி ஏஜெண்ட் எடுத்துருவாரு."

"உங்களதாக்கா எல்லாம்?"

"தெரு பூராவுக்கும் உள்ளது. ஜீப் வருதுன்னதும் பத்திரமா ஒரு இடம் பாருன்னு என் தலையில கட்டுனாக. எங்க வச்சேன்னு அவுகளுக்குச் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வைக்க விடுவாகளா?"

"அப்ப மஞ்சள்ல மட்டும் ஏன்க்கா வைக்கல?"

அவர் முந்தானையை முறுக்கினார். "அவ சின்னப்பிள்ள."

"அஜய்பாண்டிக்கும் எட்டு வயசுதான். ஒரு வாளி பிடிச்சா மஞ்சள் மட்டும் தப்புமா?"

"தப்பாதுன்னு எனக்கும் தெரியும்டி! ஆனா எம்புள்ள அடியிலயே இருக்குன்னு நெனச்சா சோறு எறங்கல. என்ன செய்யச் சொல்ற?"

எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்து எங்கே வைக்க என்றார். வாரத்துக்கு இரண்டு தடவை ஜீப் தெரு முனையில் நிற்கிறது.

செப்டம்பர் 25

டியூஷனைத் தண்ணித்தொட்டி நிழலுக்கு மாற்றிவிட்டேன். வெளிக்காற்றில் படித்தால் மண்டையில் ஏறும் என்று ஜெர்லின் அக்கா சொன்னதாகப் புளுகினேன். பிள்ளைகள் ஸ்டூல் கேட்கிறார்கள். அஜய்பாண்டியின் அம்மா வேலுத்தாய் அக்கா, "அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சுட்டு இப்ப ஏன் புள்ளைகள மண்ணுல போடுற?" என்கிறார்.

ஜெர்லின் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். "அக்கா, ஸ்டூலுக்குள் வைக்கக் கூடாததை யாராவது வைத்துவிட்டால் என்ன செய்வது?"

"சூப்பர் பேச்சி! கலக்குங்க!" என்று பதில் வந்தது. பக்கத்தில் மூன்று நெருப்புப் படம்.

செப்டம்பர் 28

அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் கேட்க முடியாது.

"நீலத்துல ஒண்ணுமில்லன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

விரல்கள் என் தலையில் நின்றன. பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தன.

"நம்ம சரக்கும் அந்த வாளிகளுக்குள்ளதான் கெடக்கு. செல்வராணியும் நானும்தான் அடுக்குனோம்."

"அப்ப நீதான் நீலத்த—"

"உன் மேல ஒரு தூசி படக் கூடாதுன்னு நெனச்சேன். தப்பா?"

எண்ணெய் கண்ணில் இறங்கியது. எரிச்சல் என்று சொல்லி எழுந்து போனேன்.

அக்டோபர் 1

நேற்றோடு போட்டி முடிந்துவிட்டது. அதை இன்று காலையில்தான் கவனித்தேன்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நான் குடை தேடி வருவதற்குள் பிள்ளைகள் தண்ணித்தொட்டியை விட்டு ஹாலுக்குள் ஓடிவிட்டார்கள். கரண்ட் போயிற்று. கறுப்பு வானம். நான் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹால் ஜன்னலில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஆடியது.

மெழுகுவர்த்தி. யாரோ அலமாரியிலிருந்து எடுத்து ஏற்றி, நிறுத்தினால் விழுகிறதே என்று, மெழுகை உருக்கி ஊற்றி, சிவப்பு ஸ்டூலின் மேல் ஒட்ட வைத்திருக்கிறார்கள். நைட்டித் துணி, அதற்குக் கீழே காகிதம், அதற்குக் கீழே அட்டை, அதற்குக் கீழே மூடி. நான் செய்தது. ஒவ்வொரு அடுக்காக எனக்குத் தெரியும்.

ஊதக்கூட பயந்தேன், பொறி பறந்தால்? திரியை உள்ளங்கையில் பொத்தி நசுக்கினேன். "எல்லாரும் வெளிய! வேலுத்தாய் அக்கா வீட்டுக்கு ஓடுங்க!" என்று நான் போட்ட கத்தலில் அஜய்பாண்டிகூட எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

பிறகு யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். மெழுகுவர்த்தியோடு உறையை உருவி வாசலில் போட்டுவிட்டு, சிவப்பை வயிற்றோடு அணைத்துத் தூக்கி, இழுக்காமல், இடிக்காமல், நடுத்தெருவில் மழைக்குள் கொண்டுபோய் வைத்தேன். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து மூடியைத் திறந்தேன். கறுப்பாக, கட்டுக்கட்டாக, எங்கள் அம்மா கட்டுகிற அதே முடிச்சு. மழை உள்ளே விழுந்தது. திரும்பிப்போய் அடுத்தது. பச்சை. ஆரஞ்சு. ஒவ்வொரு தடவையும் வெடிக்கப்போவது இதுதான், இதுதான் என்று மனசு சொல்ல.

செல்வராணி அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தார். "அடிப் பாவி! தெரு வயித்துலயே அடிச்சிட்டியேடி!" மூடியைப் பிடுங்க வந்தவர், ஹால் வாசலில் சிவப்பு உறையில் ஒட்டியிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். உறை தரையில் கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

கதவுகள் திறந்தன. எல்லா அம்மாக்களும் வாசலுக்கு வந்தார்கள். கடைசி இரண்டையும் நானே தூக்கி வந்தேன். அவை கனமே இல்லை. மஞ்சள், நீலம். ஏன் கொண்டுவந்தேன்? உள்ளேயே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவற்றையும் வரிசையில் வைத்து மூடியைத் திறந்தேன்.

மழை பெய்துகொண்டே இருந்தது. வாளிகளில் தண்ணீர் ஏறியது. பத்து வாளியிலும் மை கரைத்த மாதிரி கறுப்பு. யாரும் குடை பிடிக்கவில்லை. வேலுத்தாய் அக்கா தெருவுக்கு இறங்கி வந்து பச்சையைக் குனிந்து பார்த்தார். தன் கையால் போட்ட திரியை அவருக்கு அடையாளம் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு வாளியாகப் பார்த்துக்கொண்டே வந்து மஞ்சளுக்கு முன்னால் நின்றார். நீலத்துக்கு முன்னால் நின்றார். அடிப்பக்கம் தெரிந்தது.

"பேச்சி," என்றார். சத்தமே போடவில்லை. "உன்னுதுலயும் எப்படிம்மா தண்ணி தெளிஞ்சிருக்கு?"

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கதவு சாத்தப்படவில்லை. அந்தச் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 4

ஏஜெண்ட் வந்து கத்திவிட்டுப் போனார். மழையில் நனைந்துவிட்டது என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. மறுபடி வருவார். பைக் சத்தம் கேட்டால் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது. உள்ளங்கையில் கொப்புளம். வேலுத்தாய் அக்கா என்னோடு பேசுவதில்லை.

ஊறின திரியைப் பெண்கள் குழி தோண்டிப் புதைத்தார்கள். வாளிகளை மண் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்து, புது உறை போட்டு ஹாலில் அடுக்கினேன். டேப் ஒட்டவில்லை. யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

வந்தார்கள். பிள்ளைகள் தனியாக வரவில்லை. ஒவ்வொரு அம்மாவும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, ஸ்டூலின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, மூடி, அதன் பிறகுதான் பிள்ளையை உட்கார வைத்தார்கள். வேலுத்தாய் அக்கா பச்சையை இரண்டு தடவை பார்த்தார். செல்வராணி அக்கா வாசலோடு நின்றுவிட்டார்.

கடைசியாக என் அம்மா வந்தாள். யாரும் அவளுக்கு வழி விடவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை. சிவப்பைத் திறந்து பார்த்தாள். பச்சையில் உட்கார்ந்திருந்த அஜய்பாண்டியை "எந்திரிய்யா" என்று எழுப்பித் திறந்து பார்த்தாள். ஆரஞ்சு, வெள்ளை, மஞ்சள் என்று ஒன்றுவிடாமல் பார்த்தாள்.

என் நீலத்தை மட்டும் திறக்காமல் போய்விட்டாள்.